பிளாஸ்டிக்குக்கும் பிறந்த தேதி உண்டு

ஒரே ஒரு வெப்பமானியை 38 வருஷம் விடாமல் கவனித்துக்கொண்டிருந்த மனிதர் ஒருவர் இருந்தார். பெயர் ஜேம்ஸ் ஜூல். ஆமாம், இயற்பியல் புத்தகத்தில் ஆற்றலின் அலகாக வருகிறாரே, அதே ஜூல்தான். 1844-ல் தொடங்கி 1882 வரை, அந்த வெப்பமானியை அவ்வப்போது உருகும் பனிக்கட்டியில் வைத்து, பாதரசம் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று குறித்துக்கொண்டே வந்தார். பனிக்கட்டி உருகும் வெப்பநிலை மாறாது. எனவே பாதரசமும் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில்தான் நிற்க வேண்டும். நிற்கவில்லை. வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறியது. முதல் சில வருஷங்களில் வேகமாக, அப்புறம் மெதுவாக. 38 வருஷத்தில் மொத்தம் ஏறத்தாழ ஒரு டிகிரி ஃபாரன்ஹீட்.

பாதரசத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அதைத் தாங்கிய கண்ணாடிக் குமிழ்தான் சுருங்கிக்கொண்டிருந்தது. யாரும் அதை அழுத்தவில்லை, சூடாக்கவில்லை, எந்த அமிலத்திலும் முக்கவில்லை. சும்மா இருந்தது. சும்மா இருந்ததே அதற்கு ஒரு வேலையாக இருந்திருக்கிறது!

இந்தக் கட்டுரை கண்ணாடியைப் பற்றியது அல்ல, கண்ணாடி மாதிரி நடந்துகொள்கிற பிளாஸ்டிக்குகளைப் பற்றியது. கடந்த ஒரு வருஷமாக என் திட்டப்பணி இவற்றோடுதான். வாயுக்களைப் பிரிக்கும் மெல்லிய சவ்வுகள். 'என்னப்பா பண்றே?' என்று வீட்டில் கேட்டால் 'பிளாஸ்டிக் பேப்பர் வழியா காத்து எவ்வளவு போகுதுன்னு பார்க்கிறேன்' என்று சொல்வேன். 'அதுல போய் என்ன இருக்கு?' என்பது அடுத்த கேள்வி. நிறைய இருக்கிறது. குறிப்பாக, அந்தப் 'பேப்பருக்கு' எத்தனை நாள் வயது என்பதில் இருக்கிறது.

எந்த வயதைச் சொல்கிறேன்?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். மொட்டை மாடியில் வெயிலில் கிடந்த பிளாஸ்டிக் வாளி வெளுத்து, ஒரு நாள் தூக்கும்போது கைப்பிடியோடு உடைந்து வருமே, அது வேறு. அங்கே சூரியனின் புற ஊதாக் கதிரும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்ந்து பாலிமர் சங்கிலிகளையே அறுத்துவிடுகின்றன. அது வேதியியல் சிதைவு. திரும்பி வராது.

நான் சொல்வது இயற்பியல் மூப்பு. இதில் ஒரு பிணைப்பு கூட அறுவதில்லை. புதிதாக எதுவும் சேர்வதும் இல்லை. வேதியியல் ரீதியாகப் பரிசோதித்தால் முதல் நாள் இருந்த அதே பொருள்தான். ஆனால் அதன் வழியே போகும் வாயுவின் அளவு குறைந்திருக்கும், அடர்த்தி துளி ஏறியிருக்கும், கொஞ்சம் விறைத்தும் போயிருக்கும். இதைத் திரும்பவும் இளமையாக்க முடியும் என்பதுதான் இன்னும் வேடிக்கை. அதற்குப் பிறகு வருகிறேன்.

அவசரத்தில் உறைந்தவர்கள்

பாலிமர் என்பது நீளமான சங்கிலி மூலக்கூறு. நன்றாகச் சூடாக இருக்கும்போது இந்தச் சங்கிலிகள் நெளிந்துகொண்டும் இடம் மாற்றிக்கொண்டும் இருக்கும். குளிர்விக்கக் குளிர்விக்க நெளிவு குறையும், கனஅளவும் குறையும். ஒரு வெப்பநிலைக்குக் கீழே வந்ததும் சங்கிலிகளால் நாம் குளிர்விக்கும் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது. எந்த நிலையில் இருந்தனவோ அப்படியே மாட்டிக்கொள்ளும். அதற்குப் பெயர் கண்ணாடி மாற்ற வெப்பநிலை. பாலிஸ்டைரீனுக்கு இது ஏறத்தாழ 100 டிகிரி செல்சியஸ். பாலிகார்பனேட்டுக்கு 150-ஐ ஒட்டி. சவ்வுகளில் அதிகம் பயன்படும் பாலிசல்ஃபோனுக்கு 185-க்கு மேல். இயற்கை ரப்பருக்கோ பூஜ்ஜியத்துக்கும் 70 டிகிரி கீழே. அதனால்தான் நம் அறை வெப்பநிலையில் ரப்பர் இழுத்தால் நீள்கிறது, பாலிஸ்டைரீன் டம்ளர் 'டப்' என்று உடைகிறது.

இப்படி மாட்டிக்கொண்ட சங்கிலிகளுக்கு நடுவே, அவை நிதானமாக அடுங்கியிருந்தால் இருந்திருக்காத கூடுதல் இடைவெளிகள் தங்கிவிடும். இந்த இடைவெளிகளின் மொத்தத்தைத்தான் 'கட்டற்ற கனஅளவு' என்கிறார்கள்.

புரியவில்லையா? ஆயுத பூஜைக்குப் பொரி வாங்கப் போயிருப்பீர்கள். கடைக்காரர் படியில் பொரியைச் சரேலென்று கொட்டி, தலை தட்டி, பையில் போடப் போவார். விவரமான அம்மாக்கள் விடமாட்டார்கள். 'கொஞ்சம் குலுக்கி அளங்க' என்பார்கள். குலுக்கினால் பொரி இறங்கும், மேலே இன்னும் ஒரு கை பிடிக்கும். பொரியின் எண்ணிக்கை மாறவில்லை, ஒவ்வொரு பொரியின் பருமனும் மாறவில்லை. நடுவில் இருந்த காலி இடம்தான் போய்விட்டது. கண்ணாடிநிலைப் பாலிமர் என்பது குலுக்காமல் அளந்த படி. அறை வெப்பநிலையில் மூலக்கூறுகளுக்கு இருக்கும் கொஞ்சநஞ்ச அதிர்வுதான் அதைக் குலுக்கும் கை. ரொம்ப மெதுவான கை. ஆனால் ஒருபோதும் நிற்காத கை.

பத்து மடங்குக் கணக்கு

எவ்வளவு மெதுவாக? இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது. குலுக்கக் குலுக்கக் காலி இடம் குறைகிறது. காலி இடம் குறையக் குறைய சங்கிலிகள் அசைய வழியில்லாமல் போகிறது. அசைவு குறைந்தால் அடுத்த சுருக்கத்துக்கு இன்னும் அதிக நேரம் வேண்டும். தன்னைத்தானே தாமதப்படுத்திக்கொள்ளும் ஒரு வேலை இது. அதனால் மாற்றம் நேரத்தோடு நேர்கோட்டில் போகாது, நேரத்தின் மடக்கையோடு போகும். முதல் மணி நேரத்துக்கும் பத்தாவது மணி நேரத்துக்கும் நடுவில் எவ்வளவு மாறுமோ, ஏறத்தாழ அவ்வளவு மாற்றம் பத்துக்கும் நூறுக்கும் நடுவில். அடுத்த அவ்வளவுக்கு ஆயிரம் மணி நேரம், அதாவது ஆறு வாரம். அதற்கடுத்து பத்தாயிரம் மணி நேரம், ஒரு வருஷத்துக்கு மேல். அதற்கும் அடுத்து பதினோரு வருஷம்.

இதைப் பலவிதமான பிளாஸ்டிக்குகளில் ஒழுங்காக அளந்து, 1978-ல் ஒரு முழுப் புத்தகமாகவே எழுதியவர் நெதர்லாந்தைச் சேர்ந்த ஸ்ட்ரூக். இந்தத் துறைக்கு வருகிற எல்லாரும் அந்தப் புத்தகத்தின் வாசலில்தான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகிறார்கள்.

அவருக்கும் முன்பே, 1963-ல், பிரான்ஸில் கோவாக்ஸ் என்பவர் செய்த ஒரு பரிசோதனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். பாலிவினைல் அசிட்டேட்டைக் குறைந்த வெப்பநிலையில் சில காலம் சுருங்க விட்டார். பிறகு, அது எந்த வெப்பநிலையில் இருந்தால் அதன் அப்போதைய கனஅளவு சரியான சமநிலைக் கனஅளவாக இருக்குமோ, அந்த வெப்பநிலைக்கு உயர்த்தினார். கணக்குப்படி இனி அது அசையவே கூடாது. இருக்க வேண்டிய அளவில்தானே இருக்கிறது! ஆனால் அது வீங்கியது. ஓர் உச்சத்துக்குப் போய், மெல்லத் திரும்பிப் பழைய இடத்துக்கே வந்தது. கனஅளவு என்ற ஒரே எண் அந்தப் பொருளை முழுசாகச் சொல்லிவிடவில்லை. அது எந்த வழியாக அங்கே வந்து சேர்ந்தது என்பதும் உள்ளே எங்கோ பதிந்திருந்தது. ஒரே உயரம், ஒரே எடை கொண்ட இரண்டு பேர் ஒரே வாழ்க்கையா வாழ்ந்திருப்பார்கள்?

வாயு எப்படிப் போகிறது?

பலூனில் அடைத்த காற்று மறுநாள் காலையில் பாதியாகிவிடுவதை எல்லாரும் பார்த்திருக்கிறோம். முடிச்சில் கசிகிறது என்று நினைப்போம். ரப்பர் வழியாகவே போகிறது. 1831 வாக்கில் ஃபிலடெல்ஃபியாவில் மிட்செல் என்ற மருத்துவர், வெவ்வேறு வாயுக்கள் ரப்பர் வழியே வெவ்வேறு வேகத்தில் போவதைக் கவனித்தார். 1866-ல் தாமஸ் கிரஹாம் இதைப் பயன்படுத்தி, காற்றிலுள்ள 21 சதவீத ஆக்சிஜனை ஏறத்தாழ 40 சதவீதமாக உயர்த்திக் காட்டினார். எந்த வேதிப்பொருளும் இல்லாமல், வெறும் ரப்பர் சவ்வை வைத்து.

வாயு மூலக்கூறு முதலில் பாலிமரில் கரைகிறது. பிறகு ஓர் இடைவெளியிலிருந்து அடுத்த இடைவெளிக்குத் தாவித் தாவி மறுபக்கம் போய்ச் சேர்கிறது. எவ்வளவு கரைகிறது, எவ்வளவு வேகமாகத் தாவுகிறது, இந்த இரண்டின் பெருக்கல்தான் ஊடுருவுதிறன். இதன் அலகுக்கு 'பேரர்' என்று பெயர், ரிச்சர்ட் பேரர் என்ற வேதியியலாளரின் நினைவாக. ஆக்சிஜனுக்குப் பாலிசல்ஃபோனின் ஊடுருவுதிறன் ஒன்றரை பேரருக்கும் கீழே. சிலிகோன் ரப்பருக்கு 600 பேரர் அளவில். 1983-ல் ஜப்பானில் கியோட்டோவில் உருவான பிடிஎம்எஸ்பி என்ற பாலிமருக்கோ ஆயிரக்கணக்கில்.

அப்படியானால் எல்லாரும் பிடிஎம்எஸ்பி-யைப் பயன்படுத்திவிட்டுப் போக வேண்டியதுதானே? அங்கேதான் சிக்கல். வாயு நிறையப் போனால் மட்டும் போதாது, பிரிய வேண்டும். ஆக்சிஜன் மூலக்கூறின் விட்டம் 3.46 ஆங்ஸ்ட்ராம், நைட்ரஜனுடையது 3.64. வித்தியாசம் 0.18. ஓர் அணுவின் அகலத்தில் ஐந்தில் ஒரு பங்கு கூட இல்லாத இந்த வித்தியாசத்தை வைத்துத்தான் சல்லடை சலிக்க வேண்டும். கண் பெரிசான சல்லடை வேகமாகச் சலிக்கும், ஆனால் எல்லாவற்றையும் விட்டுவிடும். பிடிஎம்எஸ்பி ஆக்சிஜனை நைட்ரஜனைவிட ஒன்றரை மடங்குதான் வேகமாக விடுகிறது. கஞ்சத்தனமான பாலிசல்ஃபோனோ ஐந்தரை மடங்கு. இந்த ஏட்டிக்குப் போட்டியை 1991-ல் ராப்சன் ஒரு வரைபடத்தில் சாய்கோடாகவே போட்டுக் காட்டினார். ஊடுருவுதிறன் கூடினால் தேர்வுத்திறன் குறையும், அதைத் தாண்டிப் போக முடிந்தால் போய்க் காட்டு என்பதுபோல ஒரு கோடு. 2008-ல் அவரே அதைத் திருத்திப் போட்டார். அந்தக் கோட்டுக்கு மேலே ஒரு புள்ளி வைத்துவிட வேண்டும் என்பதுதான் சவ்வு ஆய்வு செய்யும் பாதிப் பேரின் கனவு.

இனி மூப்பை இதோடு சேர்த்துப் பாருங்கள். சங்கிலிகள் நெருங்க நெருங்க இடைவெளிகள் சுருங்குகின்றன. தாவும் வேகம் கட்டற்ற கனஅளவைச் சாதாரணமாகச் சார்ந்திருக்கவில்லை, அடுக்குக்குறியில் சார்ந்திருக்கிறது. அதனால் மொத்தக் கனஅளவில் ஒரு சதவீதத்தை ஒட்டிய சுருக்கம் கூட வாயுவின் ஓட்டத்தைப் பாதியாக்கிவிடலாம். பெரிய மூலக்கூறுக்கு அடி அதிகம், சின்னதற்குக் குறைவு. எனவே ஓட்டம் குறையும்போதே தேர்வுத்திறன் ஏறுகிறது. சவ்வு மந்தமாகிறது, கூடவே விவரமாகிறது!

மெலிந்தவர் சீக்கிரம் மூப்படைகிறார்

நடைமுறையில் சவ்வு கெட்டியாக இருந்தால் பயனில்லை. கெட்டியாக ஆக வாயு போவது குறையும். இந்தப் பிரச்சினையைத் தீர்த்தது உண்மையில் கடல்நீரைக் குடிநீராக்கும் முயற்சி. அமெரிக்காவில் லோஸ் ஏஞ்சலஸ் பல்கலைக்கழகத்தில் 1960-ஐ ஒட்டிய வருஷங்களில் சிட்னி லோப் என்பவரும் சௌரிராஜன் என்பவரும் (பெயரைக் கேட்டதும் திருக்கண்ணபுரத்துப் பெருமாள் ஞாபகத்துக்கு வருகிறாரா?) ஒரே சவ்வில் இரண்டு குணங்களைக் கொண்டுவந்தார்கள். மேலே மிக மெல்லிய அடர்ந்த தோல், கீழே அதைத் தாங்க பஞ்சு போன்ற துளைகள் உள்ள அடிப்பாகம். பிரிக்கும் வேலை முழுக்க அந்தத் தோலுடையது. இதே யோசனையை வாயுவுக்குக் கொண்டுவந்து, 1980-ல் மான்சாண்டோ நிறுவனம் பாலிசல்ஃபோன் குழல் இழைகளால் ஹைட்ரஜனைப் பிரிக்கும் சாதனத்தை விற்பனைக்கு விட்டது. சவ்வு வைத்து வாயு பிரிப்பது தொழிலாக நிலைபெற்றது அதற்குப் பிறகுதான்.

இப்படிப்பட்ட தோலின் தடிமன் பெரும்பாலும் 100 நானோமீட்டர் கணக்கில் இருக்கும். நம் தலைமுடியின் தடிமனில் பல நூறில் ஒரு பங்கு. ஆனால் ஆய்வுக்கூடங்களில் ஒரு பாலிமரின் ஊடுருவுதிறனை அளக்கும்போது வழக்கமாக எடுப்பது பல பத்து மைக்ரோமீட்டர் கெட்டியான படலம். 'பாலிமர் ஒன்றுதானே, தடிமனால் கணக்கை வகுத்துக்கொண்டால் போகிறது' என்றுதான் வெகுகாலம் எண்ணினார்கள்.

அப்படி இல்லை. 1990-களிலிருந்தே இதற்கான அறிகுறிகள் வந்தன. பிறகு டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் பால், பென்னி ஃப்ரீமன் ஆகியோரின் குழுக்கள் 2000-க்குப் பிந்தைய வருஷங்களில் வரிசையாக அளந்து காட்டினார்கள். மெல்லிய படலம் கெட்டிப் படலத்தைவிடப் பல மடங்கு வேகமாக மூப்படைகிறது. கெட்டிப் படலத்தில் வருஷக்கணக்கில் கண்ணுக்கே தெரியாத மாற்றம், சில நூறு நானோமீட்டர் படலத்தில் வாரங்களில் தெரிந்துவிடும். 20 நானோமீட்டர் அளவுக்கு மெலிந்தால் இன்னும் மோசம்.

ஏன் என்பதற்கு இரண்டு விளக்கங்கள் உண்டு. காலி இடங்கள் மெல்ல நகர்ந்து மேற்பரப்பு வழியாக வெளியேறுகின்றன, மெல்லிய படலத்தில் வாசல் பக்கத்தில் இருப்பதால் சீக்கிரம் காலியாகிறது என்பது ஒன்று. மேற்பரப்பிலுள்ள சங்கிலிகளுக்கு ஒரு பக்கம் பக்கத்து வீட்டுக்காரர் இல்லாததால் அவை சுலபமாக அசைகின்றன, அந்த அசைவு உள்ளேயும் கொஞ்ச தூரம் பரவுகிறது என்பது இன்னொன்று. எதுவானாலும், எந்த மெலிவு சவ்வை வேகமாக்கியதோ அதே மெலிவுதான் அதைச் சீக்கிரம் கிழவனாக்குகிறது.

ஓட்டையை எப்படிப் பார்ப்பது?

அணு அளவு ஓட்டைகளை எந்த நுண்ணோக்கியில் பார்ப்பது? அதற்கு ஓர் அழகான தந்திரம் வைத்திருக்கிறார்கள். சோடியம்-22 என்ற கதிரியக்கப் பொருள் பாசிட்ரானை வெளிவிடும். எலெக்ட்ரானின் எதிர்த்துகள். அது பாலிமருக்குள் புகுந்து, சில சமயம் ஓர் எலெக்ட்ரானோடு ஜோடி சேர்ந்து 'பாசிட்ரோனியம்' ஆகிறது. இந்த ஜோடிக்குக் காலி இடம்தான் பிடிக்கும், இடைவெளிகளில் போய்த் தங்கும். அதில் ஒரு வகை வெற்றிடத்தில் 142 நானோ நொடி வாழும். பாலிமரின் சின்ன அறைக்குள் அவ்வளவு நாள் தாங்காது. சுவரிலுள்ள எலெக்ட்ரானோடு மோதிச் சில நானோ நொடியில் மறைந்துவிடும். அறை பெரிதானால் ஆயுள் கூடும், சிறிதானால் குறையும். எனவே ஆயுளை அளந்தால் அறையின் அளவு தெரிந்துவிடும். பொருளின் முதுமையை அளக்க, அதற்குள் ஒரு குறைந்த ஆயுள்காரனை அனுப்பி, அவன் எவ்வளவு நேரம் உயிரோடு இருந்தான் என்று பார்க்கிறார்கள். முதல் முறை படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

என் மஞ்சள் படலம்

என் திட்டப்பணிக்குக் கிடைத்த பாலிமர் பிம்-1. 2004-ல் மான்செஸ்டரில் பீட்டர் பட், நீல் மெக்கியோன் குழுவினர் அறிமுகப்படுத்தியது. பளீரென்ற மஞ்சள். இதன் சங்கிலி கயிறு மாதிரி வளையாது. ஆங்காங்கே முறுக்கிவிட்ட ஏணி மாதிரி விறைப்பாக இருக்கும். முறுக்கிய ஏணிகளை எப்படி அடுக்கினாலும் நடுவில் இடம் விழும் இல்லையா, அதுதான் இதன் பலம். ஆனால் அந்த இடமும் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும்.

குளோரோஃபார்மில் கரைத்துக் கண்ணாடித் தட்டில் ஊற்றி, நாள் கணக்கில் மெதுவாக உலர விட்டு எடுத்த படலம் அது. அதை மெத்தனாலில் ஊற வைத்தால் சங்கிலிகள் விலகி வீங்கும். பழைய மூப்பும் மிச்சக் கரைப்பானும் போய்விடும். வெளியே எடுத்து உலர்த்தும் நேரம்தான் அதன் பிறந்த நேரம். (பிம்-1 உருகுவதற்கும் இளகுவதற்கும் முன்னாலேயே சிதைந்துவிடும் என்பதால், மற்ற பாலிமர்களைப் போலச் சூடாக்கி இளமையாக்க முடியாது. மெத்தனால் குளியல்தான் வழி.)

ஆய்வுக்கூடத்தில் எனக்கு மூத்தவர், முனைவர் பட்டத்துக்கு வேலை செய்யும் அக்கா ஒருவர், முதல் நாளே சொல்லிக் கொடுத்தார்.

"மெத்தனால்ல இருந்து எடுத்து உலர்ந்தவுடனே அளந்துடு தம்பி. வெள்ளிக்கிழமை எடுத்துட்டு, திங்கக்கிழமை வந்து அளக்கலாம்னு போனா, நம்பர் இறங்கிடும்."

"அப்போ எதுக்கா உண்மையான நம்பர்? வெள்ளிக்கிழமையோடதா, திங்கக்கிழமையோடதா?"

அக்கா சிரித்தார். "ரெண்டும் உண்மைதான். எதை டேபிள்ல போடறேங்கறதுதான் கேள்வி."

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. என் அறிக்கையில் ஓர் அட்டவணை உண்டு. இடது பக்கம் பாலிமரின் பெயர், அடுத்து ஊடுருவுதிறன், அடுத்து தேர்வுத்திறன், கடைசியில் யார் எந்த வருஷம் அளந்தது. என் படலத்துக்கும் அதில் ஒரு வரி. ஒரு வரிக்கு ஓர் எண்தான் இடம். வயதுக்கு என்று கட்டமே இல்லை.

நான் அந்த ஒரே படலத்தைத் தூக்கிப் போடாமல் வைத்துத் திரும்பத் திரும்ப அளந்தேன். முதல் நாள், மூன்றாம் நாள், ஒரு வாரம், மூன்று வாரம், மூன்று மாதம். அளவுகளுக்கு நடுவே உறையில் போட்டு மேஜை இழுப்பறையில் வைத்தேன், உறை மேல் தேதியோடு. மூன்றாவது வாரத்தில் ஆக்சிஜன் ஓட்டம் முதல் நாளின் பாதியை நெருங்கிவிட்டது. அதன் பிறகு இறக்கம் மெதுவாகிவிட்டது, மடக்கைக் கணக்குச் சொன்னபடியே. ஆனால் தேர்வுத்திறன் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் ஏறியிருந்தது. ராப்சன் வரைபடத்தில் என் புள்ளி கீழே விழவில்லை, இடது பக்கமாக நகர்ந்து மேலேயும் ஏறியது. கோட்டுக்கு ஒட்டியே, அதோடு நடைபோட்டுக்கொண்டு.

இதைப் பார்த்தபோதுதான் 'மூப்பு' என்ற சொல்லையே வேறு விதமாகப் பார்க்கத் தொடங்கினேன். நாம் இதைச் சரிவு என்று எழுதுகிறோம். பாலிமரைக் கேட்டால் வேறு சொல்லும். அது அவசரமாக உறைய வைக்கப்பட்டது. தனக்கு இயல்பான நிலையைத் தேடி அன்றிலிருந்து நடந்துகொண்டிருக்கிறது. முதல் நாள் நான் அளந்த பெரிய எண் அந்தப் பொருளின் இயல்பல்ல, அதன் பதற்றம். மூன்று மாதம் கழித்து அளந்தது அதன் நிதானம்.

இது என் கற்பனை மட்டும் இல்லை. 2015-ல் ஆக்சிஜன்-நைட்ரஜன் பிரிப்புக்கான ராப்சன் கோட்டை மீண்டும் உயர்த்தி வரைந்தபோது, அதற்கு ஆதாரமாக நின்ற புள்ளிகளில் நாள்பட மூப்படைந்த படலங்களும் உண்டு. புத்தம் புதிதாக இருந்தபோது எட்டாத உயரத்தை வயதான பிறகு எட்டியவை.

ஆகாயத்தில் ஒரு கணக்கு

'அட்டவணையில் ஓர் எண் அப்படியோ இப்படியோ இருந்தால் என்ன?' என்று கேட்கலாம். 1996 ஜூலை 17 அன்று நியூயார்க்கிலிருந்து பாரிஸுக்குக் கிளம்பிய டிடபிள்யூஏ 800 விமானம் கிளம்பிய சில நிமிஷங்களில் வெடித்தது. 230 பேரும் இறந்தார்கள். நடு எரிபொருள் தொட்டியில் சேர்ந்த ஆவியும் காற்றும் பற்றிக்கொண்டதுதான் காரணம் என்று 2000-ல் விசாரணை முடிந்தது. அதன் தொடர்ச்சியாக 2008-ல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம், பெரிய பயணிகள் விமானங்களில் இந்த ஆபத்தைக் குறைத்தாக வேண்டும் என்று விதி கொண்டுவந்தது. அதற்குப் பரவலாகக் கையாளும் வழி, தொட்டியின் காலி இடத்தை நைட்ரஜன் மிகுந்த காற்றால் நிரப்பி, ஆக்சிஜனை 12 சதவீதம் அளவுக்குக் கீழே வைப்பது. அந்த நைட்ரஜன் எங்கிருந்து வருகிறது? பாலிமர் குழல் இழைச் சவ்விலிருந்து. என்ஜினிலிருந்து எடுக்கும் சூடான காற்று உள்ளே போகிறது, ஆக்சிஜன் சவ்வு வழியே வெளியேறுகிறது, மீதி தொட்டிக்குப் போகிறது.

சூடு மூப்பை வேகப்படுத்தும் என்பதை இங்கே நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். கண்ணாடி மாற்ற வெப்பநிலைக்குக் கீழே இருக்கும் வரை, சூடு ஏறினால் சங்கிலிகளுக்கு அசைய வசதி, குலுக்கும் கைக்குப் பலம். அந்தச் சவ்வு ஐந்து வருஷம் கழித்தும் வேலை செய்ய வேண்டும். முதல் நாள் எண்ணை நம்பி அளவு குறித்தால், ஐந்தாம் வருஷம் அதே சுத்தத்தில் கிடைக்கும் நைட்ரஜன் குறைந்திருக்கும். அட்டவணையில் விடுபட்ட அந்த ஒரு கட்டத்துக்கு இப்போது எடை தெரிகிறதா?

நிறுத்த முடியுமா?

முயற்சிகள் நிறைய. 2014-ல் ஆஸ்திரேலியாவில் சிஎஸ்ஐஆர்ஓ ஆய்வாளர்கள், பிடிஎம்எஸ்பி, பிம்-1 போன்றவற்றுக்குள் நுண்துளைகள் நிறைந்த ஒரு பொடியைக் கலந்து, அது சங்கிலிகளின் ஓரக் கிளைகளைப் பிடித்துக்கொண்டு அசைய விடாமல் செய்வதால் மூப்பு பெருமளவு தடைப்பட்டது என்று காட்டினார்கள். சங்கிலிகளைக் குறுக்கே பிணைத்துவிடுவது இன்னொரு வழி. மூன்றாவது வழிதான் எனக்குப் பிடித்தது. சவ்வை முன்கூட்டியே சூட்டில் வைத்து, வேகமாக மாறும் இளமைப் பருவத்தைக் கடக்க வைத்துவிட்டு, அதற்கு அப்புறம் அளந்து, அந்த எண்ணைச் சொல்லி விற்பது. மடக்கைக் கணக்கின் நல்ல பக்கம் இது. முதல் ஆயிரம் மணி நேரத்தைத் தாண்டிவிட்டால் அடுத்த பெரிய மாற்றத்துக்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும்.

என் அறிக்கையில் என்ன செய்தேன்? அட்டவணையில் இன்னொரு கட்டம் சேர்த்தேன். 'வயது (நாள்)'. என் படலத்துக்கு ஒரு வரிக்குப் பதில் ஐந்து வரி. மற்றவர்களின் எண்களுக்கு எதிரே, அவர்கள் வயதைக் குறிப்பிட்டிருந்தால் எழுதினேன். குறிப்பிடாத இடங்களைக் காலியாகவே விட்டேன். எழுதி முடித்துப் பார்த்தால் காலிக் கட்டங்கள்தான் அதிகம். வழிகாட்டும் பேராசிரியர் பார்த்துவிட்டு, "டேபிள் அசிங்கமா இருக்கேப்பா" என்றார். கொஞ்ச நேரம் பேசாமல் புரட்டினார். பிறகு, "சரி, இருக்கட்டும். அந்தக் காலிக் கட்டங்களைப் பத்தி ஒரு பாரா எழுது" என்றார்.

அந்தப் பாராவை எழுதி முடித்த கையோடு இதையும் எழுதிவிட்டேன். அடுத்த முறை எங்கேயாவது 'புதிய பிளாஸ்டிக் சவ்வு கார்பன் டை ஆக்சைடை அள்ளிப் பிரிக்கிறது' என்று செய்தி படித்தால், ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: அளந்த அன்று அதற்கு எத்தனை நாள் வயது?